ஹாஜியாரின் புறாக்கூண்டு

எங்கள் கட்டடத்தின் நடுவே காற்றுக்காக விட்டிருக்கும் சந்து வழியாகத்தான் எல்லா வீட்டுக்கும் எரிவாயுக் குழாய் போகிறது. கட்டடத்தின் சொந்தக்காரர் ஹாஜி ஷவ்கி அந்தச் சந்தின் தலையில் தகரம் அடித்து, அதன்மேல் புறாக்கூண்டு வைத்துவிட்டார். அலெக்சாந்திரியாவில் மொட்டைமாடி வைத்திருக்கிற ஆம்பிளைக்குப் புறா இல்லாவிட்டால் மரியாதை குறைந்துவிடுமாம்! சந்தைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழேதான் என் மகள் ஹனீனின் கட்டில்.

நோன்பு முடியப்போகிற வாரம், வீட்டில் அழுகின முட்டை வாடை. ஹனீன் தலைவலி என்று சுருண்டு கிடந்தாள். என் அடுப்புக் குழாய் முழுக்க சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. சந்து ஜன்னலைத் திறந்ததும் குப்பென்று அடித்தது. மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு நேரே ஹாஜியாரிடம் போனேன்.

"உன் அடுப்புதான் ஒழுகும் நக்வா. குடியிருக்கிறவ பொறுப்பு அது. பெருநாள் கழியட்டும், பாக்கலாம்."

"அடுப்பு நல்லாத்தான் இருக்கு ஹாஜியாரே. நான் காஸ் கம்பெனிக்குச் சொல்லப்போறேன்."

"சொல்லிப்பாரு! கட்டடத்துக்கே மூடிட்டுப் போயிருவான். பெருநாள் பிஸ்கோத்து கஹ்க் சுட வழியில்லாம பொம்பளைங்க எல்லாம் உன்னத்தான் பிச்சுத் தின்னுவாளுங்க."

"தின்னட்டும்."

தெருவில் இறங்கி நின்று போன் போட்டேன். கம்பெனி ஆள் வந்தார். சந்திலிருந்த பெரிய குழாயில் நுரை தடவியதும் அது பொங்கிக்கொண்டு வந்தது. உடனே கட்டடத்தின் மெயின் வால்வை மூடினார்.

"துருப்பிடிச்சுப் போச்சு. இது கட்டடத்துக்காரர் மாத்த வேண்டிய குழாய். வாயு வெளிய போக வழியில்லாம மேல தகரம் வேற!"

அதற்குள் படிக்கட்டு முழுக்கக் கூட்டம். எதிர்வீட்டு இஃப்பத் கையெல்லாம் மாவோடு கத்தினாள்.

"பெருநாளுக்கு மாவு பிசைஞ்சு வச்சிருக்கேன்டி! உன் மூக்குக்கு இப்பத்தானா வேலை வரணும்?"

ஹாஜியாருக்கு அது போதுமே! கம்பெனி ஆளின் தோளில் கை போட்டார்.

"தம்பி, பெருநாள் வரைக்கும் திறந்து விடுப்பா. அவ ஜன்னல மூடிக்கிட்டாப் போதும். பிடிக்கலைன்னா வேற வீடு பாத்துக்கட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் ஏன் போகணும்? குழாய் உங்களது, தகரம் உங்களது. சாகிறது மட்டும் என் புள்ளையா? சரி, திறக்கச் சொல்லுங்க. ஜன்னலயும் மூடிக்கிறேன். ஆனா இன்னிக்கு ராத்திரி உங்க பேரன் ஷாதி என் மக கட்டில்ல படுக்கட்டும். விடிஞ்சு அவன் எழுந்து வந்தான்னா நான் வாயே திறக்கல."

மேல்படியில் ஹாஜியாரின் மருமகள் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கை தானாக அவன் தலையை மார்போடு அழுத்திக்கொண்டது. அதை எல்லாரும் பார்த்தோம். ஹாஜியாரும் பார்த்தார்.

"மாமா, அந்தத் தகரத்த இப்பவே கழட்டுங்க. குழாய் மாத்துறவனுக்கு நானே சொல்லி விடுறேன்" என்றாள்.

இஃப்பத் என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே போய் மாவுத் தட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன வேடிக்கை? பேக்கரி அடுப்பு சூடா இருக்கும், வாங்கடி!" என்று மற்றவர்களை அதட்டிக்கொண்டு இறங்கினாள்.

ஹாஜியார் சுத்தியலை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினார். நானும் பின்னாலேயே ஏறினேன். கடைசி ஆணி வரை கண்ணால் பார்க்காமல் விடுவேனா?