தண்ணீரில் மிதக்கிற ஒன்று

விடிவதற்குள் வலையை மேலே இழுத்தாக வேண்டும். நெட்டை ஒரு காலால் சுக்கானை அழுத்திப் பிடித்தபடி கயிற்றுக்கும் கை கொடுத்தான். உள்ளங்கை வெடிப்புகளில் உப்புத் தண்ணீர் இறங்க, பல்லைக் கடித்தான். கண்ணயர்ந்து தூங்கி எத்தனை நாளாயிற்று! வலையில் வந்ததென்னவோ பொடிமீன்தான்.

தங்கச்சி புருஷன் போன வாரம் வரை பக்கத்துப் படகை ஓட்டியவன். மூடுபனியில் ஜிபிஎஸ் கருவி அவன் ஈரக்கையிலிருந்து நழுவிக் கடலுக்குள் போனது. திசை தெரியாமல் படகு பாறையில் மோதியது. இப்போது கால் முறிந்து கட்டிலில் கிடக்கிறான். படகை உடனே பழுதுபார்த்த முதலாளி, மச்சானை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கரையேறியபோது முதலாளி புதுக் கருவியோடு நின்றிருந்தார்.

"நீயே வச்சுக்க நெட்டை. கலர் ஸ்கிரீன், தொட்டாலே போதும். மத்த ரெண்டு படகும் உன் பின்னாடி வரட்டும்."

நெட்டைக்கு ஆசையாகத்தான் இருந்தது. வாங்கித் தொட்டான். திரை அசையவில்லை. விரலைச் சட்டையில் துடைத்துவிட்டுத் தொட்டான். ஊகூம்.

"ஈரக்கைடா, காயட்டும்."

"கடல்ல எப்ப முதலாளி கை காயும்?"

மீன் கழுவும் தொட்டிக்குள் கருவியை மெல்ல விட்டான். அது நேரே அடியில் போய் உட்கார்ந்தது.

"அடப்பாவி, புதுசுடா!" முதலாளி சட்டைக்கை நனைய அதை எடுத்தார்.

"மச்சான் கையில இருந்ததும் இப்படித்தான் போச்சு. பட்டன் வச்சது வேணும், மிதக்கிறது வேணும். மூணு படகுக்கும் மூணு. பனியில பின்னாடி வர்றவன் எதைப் பார்த்து வருவான்?"

"வாய் நீளுதே! சாவியை வச்சுட்டுக் கிளம்பு. டேய் கொக்கு, இவன் படகை நீ எடு."

கொக்கு மூன்றாவது படகின் ஓட்டுநர். மீன் கிடைக்கும் இடத்தைக் கூடப்பிறந்தவனுக்கும் சொல்லாத தொழில் இது. அதில் மூண்ட பகையில் இருவரும் பேசி வருஷக்கணக்காகிறது. நெட்டை சாவியை மீன்பெட்டிமேல் வைத்தான். தன் வீட்டு அடுப்போடு தங்கச்சி வீட்டு அடுப்பும் இனி அணைந்துவிடும்.

கொக்கு வந்தான். தன் சாவியையும் பக்கத்தில் வைத்தான். வலை இழுத்தவர்கள் ஒவ்வொருவராக அங்கேயே தரையில் உட்கார்ந்தார்கள். நிற்கத் தெம்பில்லை என்பதும் உண்மைதான்.

"எத்தனை நாளைக்குன்னு நானும் பாக்கறேன்" என்று முதலாளி கிளம்பிப் போனார்.

கொக்கு தரையைப் பார்த்தபடி நின்றான். "அந்தப் பாறை அங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்ப்பா. அதைச் சுத்தி மீன் நிக்கும். அதான் யார்கிட்டயும் வாய் திறக்கல."

நெட்டை மீன்பெட்டியோரம் உட்கார்ந்தான். "எனக்கும் தெரியும். மச்சான்கிட்டயே சொல்லல."

வெயில் ஏறியது.

"கருவி வரட்டும்" என்றான் கொக்கு. "முதல்ல அந்தப் பாறையைக் குறிப்போம். மூணுலயும்."

"வராட்டி?"

"வர்ற வரைக்கும் உட்காருவோம். உனக்கு இடுப்பு வலி, எனக்கு முட்டி வலி. ஓடவா சொல்றேன்?"

நெட்டை நகர்ந்து அவனுக்கு இடம் விட்டான்.