அச்சப்படத் தேவையில்லை

1

இந்தக் கதை என் தங்கைக்குச் சொந்தமானது. ஒரு மாலை, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் ஒரே போர்வையைப் பல முறை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எழுத வேண்டும் என்று தோன்றியது. கேட்டேன்.

"எழுது. ஆனா என்னை நல்லவளாக்கிடாதே" என்றாள்.

சுலபமான நிபந்தனை என்று நினைத்தேன். அதன் பிறகு கிழித்துப் போட்ட தொடக்கங்கள் இவை:

"தெருவுக்கு அடியில் ஒரு மிருகம் ஊர்ந்துகொண்டிருந்தது." (பொய். அது மெஷின். பழுதானால் திருகாணி மாற்றுவார்கள்.)

"அன்று காலையிலிருந்தே அவளுக்கு மனசு சரியில்லை." (இதுவும் பொய். அன்று காலை புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு உற்சாகமாகத்தான் கிளம்பினாளாம்.)

"பயம் என்பது" (இதற்கு மேல் ஓடவில்லை.)

ஆகவே வேலையிலிருந்து தொடங்குகிறேன்.

2

தங்கைக்கு ரயில் சுரங்கப்பாதைத் திட்டத்தில் வேலை. தோண்டுவது மற்றவர்கள், பேசுவது இவள். பாதை போகிற வழியில் ஒரு நெருக்கமான தெரு. ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்த மாதிரி பழைய மாடி வீடுகள். கீழே சுரங்கம் தோண்டும் மெஷின் எப்போது வரும், என்ன சத்தம் கேட்கும், யாரிடம் முறையிடுவது என்று வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும். அவர்கள் திட்டுவதைக் கேட்டு அலுவலகத்தில் நாகரிகமாகச் சொல்ல வேண்டும். அலுவலகம் மழுப்புவதை வாங்கிவந்து இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். தெருவில் அவளுக்குப் பட்டப்பெயர் 'பதிலம்மா'.

அலுவலகத் தாள்களில் அந்தத் தெருக்காரர்களுக்குப் 'பங்குதாரர்கள்' என்று பெயர். முதல் கூட்டத்திலேயே தையல்காரர் எழுந்து கேட்டார்: "பங்குன்னா எதுல மேடம் பங்கு? ரயில் ஓடினா உங்க பங்கு, வீடு இடிஞ்சா எங்க பங்கா?"

கூட்டம் சிரித்தது. தங்கையும் சிரித்தாள். சிரித்தபின் வீட்டுக்கு வந்து என்னிடம், "அந்தாளு சொன்னதுக்கு என்கிட்ட பதிலே இல்லக்கா" என்றாள்.

தெருவுக்கென்று செல்போனில் ஒரு குழு இருந்தது. தினமும் அதில் அவள் ஒரு செய்தி போட வேண்டும். வாசகங்களை அலுவலகம்தான் கொடுக்கும். எது மாறினாலும் கடைசி வரி மாறாது: அச்சப்படத் தேவையில்லை.

[இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். பயப்படாதவனிடம் யாரும் பயப்படாதே என்று சொல்வதில்லை, ஆகவே அந்த வரி ஒவ்வொரு நாளும் பயத்தைத்தான் விதைத்தது என்று. எழுதிவிட்டுப் பெருமையாக இருந்தது. தங்கை படித்துவிட்டு, "அது ஆபீஸ்ல ப்யூன் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும்க்கா" என்றாள். பத்தியை எடுத்துவிட்டேன்.]

3

தையற்கடைக்கு மேலே ஒரு வயதான தம்பதி. தெரு முழுக்க அந்த அம்மாளை மாடியம்மா என்றே கூப்பிடும். கணவர் கப்பலில் சமையல் பார்த்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் ஓரிரு சொல்லாகக் குறைந்துவிட்டது. சக்கரம் வைத்த கட்டிலில்தான் வாசம். காலையில் மாடியம்மா அவரைக் கட்டிலோடு ஜன்னலுக்குத் தள்ளுவார், வெயில் ஏறினால் சுவரோரத்துக்கு இழுப்பார்.

நடந்த விஷயத்துக்கு முன்பு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருநாள் தெருவில் கேஸ் கசிகிற நாற்றம் அடிக்கிறது என்று புகார் வந்தது. தங்கை ஓடினாள். கதவைத் தட்டித் தட்டி எல்லோரையும் வெளியேற்றினாள். கப்பல்காரரை நாற்காலியில் உட்காரவைத்து ஆட்கள் தூக்கி இறக்கினார்கள். படி திரும்புகிற இடத்தில் நாற்காலி சாய்ந்தது. விழுந்தவருக்கு நல்ல கை முறிந்தது. இருந்த ஒரே கை. கடைசியில் நாற்றம் எங்கிருந்து என்று பார்த்தால், பக்கத்துக் கட்டடத்தில் யாரோ வண்ணப்பூச்சு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார்கள்.

மாடியம்மா கோபப்படவில்லை. கட்டுப்போட்ட கைக்குக் கீழே தலையணையைச் சரிசெய்துகொண்டே, "இனிமே எது வந்தாலும் எங்களைக் கூப்பிடாதேம்மா. வர்றது இங்கயே வரட்டும்" என்றார்.

(இவரை நான் நம்பவில்லை. கணவரின் கையை முறித்தவளிடம் ஒரு பெண் இத்தனை நிதானமாகப் பேசுவாளா? அவர் கத்துவது போல ஒரு வடிவம் எழுதினேன், தலைவிரி கோலமாக. தங்கை அதன் குறுக்கே கோடு போட்டாள். "கத்தியிருந்தா நான் அன்னிக்கே மறந்திருப்பேன்.")

4

அன்று மெஷின் அந்த வீட்டைக் கடக்க வேண்டிய நாள்.

மதியம் வழக்கமான சுற்றுக்குத் தங்கை போனபோது, தையல்காரர் பின்னறைக் கதவைத் தோளால் மோதித் திறந்துகொண்டிருந்தார். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. ஈரத்துல மரம் ஊதிருக்கும் மேடம்."

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. மழை பெய்து மாதங்கள் ஆகியிருந்தன. அது இருவருக்கும் தெரியும்.

தெருவைப் பார்த்த வெளிச்சுவரில் திட்டத்துக்காரர்கள் பொருத்திய அளவுக்கருவி இருந்தது. சுவர் அசைந்தால் அதன் விளக்கு சிவப்பாகும். பச்சைதான் எரிந்தது. அதைப் பார்த்து ஒரு மூச்சு விட்டுக்கொண்டு மாடிக்குப் போனாள்.

மாடியம்மா அடுப்படியில் இருந்தார். "இந்தச் சட்டியைப் பாரேன். புதுசு. எண்ணெய் எல்லாம் ஒரு பக்கமாவே ஓடுது. அடி வளைஞ்சதைத் தலையில கட்டிட்டான்."

தங்கை பழைய சட்டியை எடுத்து வைத்து எண்ணெய் ஊற்றினாள். அதிலும் அதே பக்கம் போய்த் தேங்கியது.

அப்போது முன்னறையிலிருந்து கப்பல்காரரின் குரல் வந்தது.

"போகுது."

போய்ப் பார்த்தார்கள். சுவரோரம் இருந்த கட்டில் சுவரை விட்டு நகர்ந்திருந்தது. "நான்தான் சரியா நிறுத்தலபோல" என்று மாடியம்மா அதைத் தள்ளிப் பழைய இடத்தில் நிறுத்தினார். கையை எடுத்தார். கட்டில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெல்ல, யாரும் தொடாமல், ஜன்னலை நோக்கி வந்தது. படுத்திருந்தவர் கண்ணை அகல விழித்துக்கொண்டு கட்டிலோடு வந்தார்.

[இந்தக் காட்சியில் ஒரு முறை விளக்கை அணைய வைத்தேன். ஒரு முறை சுவரை முனக வைத்தேன். எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். "சத்தமே இல்லக்கா. அதான் பயமே" என்றாள்.]

5

படிக்கட்டுக்கு வந்து திட்டத் தலைவரைக் கூப்பிட்டாள்.

"சார், கட்டில் நகருது."

"என்ன கட்டில்?"

சொன்னாள். கதவு, எண்ணெய், கட்டில் எல்லாம்.

"கருவி என்ன காட்டுது?"

"பச்சைதான் சார்."

"இங்கயும் அளவு எல்லாம் சரியாத்தான் இருக்கு. கதவையும் எண்ணெயையும் நம்பி மெஷினை நிறுத்த முடியாதும்மா. அந்த மண்ணுல நிறுத்தினாதான் ஆபத்து. தாண்டிட்டா நல்லது. அளக்கறதுக்கு ஆள் அனுப்பறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் எதுவும் சொல்லாதீங்க."

"அதுக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா?"

"போன தடவை என்ன ஆச்சு? மறந்துட்டீங்களா? குறுகலான படி, குறுகலான தெரு. எல்லாரும் ஒரே நேரத்துல ஓடினா வீடு விழவே வேண்டாம், படி போதும் சாகறதுக்கு. வழக்கமான செய்தியைப் போடுங்க."

இவரைக் கெட்டவராக்கியிருந்தால் கதை வழுக்கிக்கொண்டு ஓடியிருக்கும். பெரிய மேசை, குளிரூட்டிய அறை, கையில் காபி. ஆனால் அவர் குரல் நடுங்கியது என்கிறாள் தங்கை. அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க அவளுக்கு இன்றுவரை முடியவில்லை. எனக்கும்தான்.

6

படியில் உட்கார்ந்து குழுவைத் திறந்தாள். 'பணிகள் திட்டமிட்டபடி நடைபெறுகின்றன. அச்ச' என்பது வரை விரல் பழக்கத்தில் போய்விட்டது. அதற்கு மேல் போகவில்லை.

இருதலைக் கொள்ளி எறும்பாக அவள் (வேண்டாம். எறும்புக்கு யார் கையையும் முறித்த ஞாபகம் கிடையாது.)

ஒரு வடிவத்தில் அந்தச் செய்தியை அவள் அனுப்பிவிடுகிறாள். அடுத்த வரியை என்னால் எழுத முடியவில்லை. இன்னொரு வடிவத்தில் கத்திக்கொண்டே ஓடுகிறாள். ஏற்கெனவே ஒருமுறை அப்படி ஓடியவள் அவள். மறுபடி கத்தினால் யார் நம்புவார்கள்?

நடந்தது இது. எழுந்திருக்கச் சுவரில் கை வைத்தாள். உள்ளங்கைக்குள் சுவர் அதிர்ந்தது, காய்ச்சல்காரன் உடம்பு போல. மேலே ஏறினாள்.

"என்னம்மா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றார் மாடியம்மா.

"அம்மா, கீழ போயிடலாம்."

"ஆபீஸ்ல சொன்னாங்களா?"

"இல்ல. பயப்பட வேண்டாம்னுதான் சொல்லச் சொன்னாங்க."

"அப்புறம்?"

"விழுமா விழாதான்னு எனக்குத் தெரியாதும்மா. மறுபடியும் ஒண்ணுமில்லாமப் போகலாம். அவருக்கு மறுபடியும் அடிபடலாம். எனக்குப் பயமா இருக்கு. அவ்வளவுதான் தெரியும்."

மாடியம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை காலம் இந்தப் பெண் சொன்ன எதையும் அவர் நம்பியதில்லை. போய் அடுப்பை அணைத்தார்.

"அந்தத் தலையணையை எடு" என்றார்.

தங்கை கூப்பிட்டதும் தையல்காரரும் துணி தைக்கக் கொடுக்க வந்த இருவரும் மேலே வந்தார்கள். இந்த முறை நாற்காலி இல்லை. மெத்தையோடு போர்வையில் சுற்றித் தூக்கினார்கள். தங்கை அந்த முறிந்த கையைத் தன் மார்போடு பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே படி இறங்கினாள். திருப்பத்தில் எல்லோரும் நின்றார்கள். "மெல்ல" என்றார் கப்பல்காரர், தானே ஆட்களை ஏவுகிற மாதிரி. மெல்லவே இறங்கினார்கள்.

தெருவுக்கு வந்ததும் குழுவில் யாருடைய அனுமதியும் இல்லாமல் ஒரு செய்தி போட்டாள்: 'எனக்குப் பயமா இருக்கு. நான் வெளியே வந்துட்டேன். நீங்களும் வாங்க. ஓடாதீங்க, நடந்து வாங்க.'

கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. யாரும் ஓடவில்லை. தெருக்கோடியில் இருந்த வெட்டவெளியில் எல்லோரும் வெயிலில் நின்று தங்கள் வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை மட்டும், "எப்போ விழும்?" என்று கேட்டது. அதன் அம்மா அதன் வாயைப் பொத்தினாள்.

7

வீடு விழவில்லை.

அளக்க வந்தவர்கள் பின்சுவரில் விரல் நுழைகிற விரிசலைக் கண்டார்கள். தெரு காலியாக இருந்ததால் உடனே சாலையை உடைத்து மண்ணுக்குள் சிமெண்ட் கலவையைச் செலுத்தினார்கள். மெஷின் கடந்து போயிற்று. வீடு இன்றும் நிற்கிறது, கொஞ்சம் சாய்ந்து, பூட்டிக் கிடக்கிறது.

'மக்கள் உரிய நேரத்தில் பாதுகாப்பாக வெளியேற்றப்பட்டனர்' என்று திட்ட அலுவலகம் ஓர் அறிக்கை விட்டது. 'கட்டடம் எந்நிலையிலும் இடிந்திருக்காது' என்று இன்னோர் அறிக்கையும் அதே அலுவலகம்தான் விட்டது. தங்கையைத் தெருவுக்குப் போக வேண்டாம் என்று சொல்லி வேறு மேசையில் உட்காரவைத்தார்கள்.

தெருக்காரர்களை ஒரு பள்ளிக்கூடக் கூடத்தில் தங்கவைத்தார்கள். அங்கே தூசி. வரிசையாகப் பாய்கள், அழுகிற குழந்தைகள். கப்பல்காரருக்குச் சளி கட்டியது, காய்ச்சலாயிற்று, மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. இடம் மாற்றியதால்தானா என்று மாடியம்மா கேட்டிருக்கிறார். "இந்த உடம்புக்கு எப்போ வேணாலும் வரலாம். அதனாலயும் இருக்கலாம். சொல்ல முடியாதும்மா" என்றாராம் டாக்டர்.

(இந்தப் பகுதியை விட்டுவிடலாமா என்று தங்கையிடம் கேட்டேன். வீடு விழவில்லை என்பதோடு முடித்தால் படிப்பவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். "அப்போ நீயும் ஆபீஸ் மாதிரிதான் செய்தி போடறே" என்றாள். விடவில்லை.)

8

இதை முடிக்காமல் வைத்திருந்தேன். இன்று மாடியம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்.

முன்னறிவிப்பு இல்லை. கதவைத் திறந்தவள் நான்தான். உள்ளே வந்து உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், தங்கையின் சௌக்கியம் கேட்டார். பிறகு புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே தங்கையிடம் கேட்டார்:

"கோவிச்சுக்கிட்டுக் கேக்கலம்மா. தெரிஞ்சுக்கணும்னு தோணுது. நீ அன்னிக்கு மேல ஏறி வராம இருந்திருந்தா, அவர் இப்போ இருந்திருப்பாரா?"

தங்கை, "இதோ டீ போட்டுக் கொண்டுவரேன்" என்று உள்ளே வந்துவிட்டாள். நான் எழுதுகிற மேசை அடுப்படியில்தான் இருக்கிறது. பக்கத்தில் நிற்கிறாள். பால் பொங்கியதைக்கூட நான்தான் எழுந்து இறக்கினேன்.

"என்னக்கா சொல்றது?"

இருந்திருக்க மாட்டார், நீங்களும் இருந்திருக்க மாட்டீர்கள், வீடு விழுந்திருக்கும் என்று சொல்லலாம். அதற்கு ஆதாரம் கிடையாது. இருந்திருப்பார் என்று சொல்லலாம். அதற்கும் கிடையாது. தெரியாது என்பது உண்மை. ஆனால் உண்மையைக் கேட்டுவிட்டு, அந்த அம்மாள் யாருமில்லாத அறைக்குத் திரும்பிப் போக வேண்டும். நான் எழுதிய மூன்று பதில்களையும் தங்கை படித்தாள். மூன்றுக்கும் தலையாட்டினாள். ஆட்டியது ஆமாம் என்றா, இல்லை என்றா, எனக்குப் புரியவில்லை. டம்ளரை நீட்டினேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். எனக்கும் அந்த அறைக்குள் போகத் தைரியம் இல்லை.

நீங்கள் இவ்வளவு தூரம் எங்களோடு வந்துவிட்டீர்கள். கூடத்தில் அந்த அம்மாளுக்கு எதிரே நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. டீயை நீங்கள் எடுத்துக்கொண்டு போங்கள். சூடாக இருக்கும், விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் கேட்பார்.