கழுத்தில் கட்டிய குளிசை

நவரத்தினம் பெரிய மறதிக்காரர். குடையைக் கோயிலில் விட்டுவிட்டு வருவார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டே வீடெல்லாம் தேடுவார். அதையெல்லாம் சரோஜினிதேவி சிரித்துச் சமாளித்துவிடுவாள். நெஞ்சு நோகும்போது நாக்குக்கடியில் வைக்கிற குளிசையை மறந்தால் சிரிக்க முடியுமா? வெள்ளவத்தை வீட்டில் ஒருநாள் அவருக்கு நெஞ்சு இறுக, அவள் ஒவ்வொரு சட்டைப் பையாகத் துழாவவேண்டி வந்தது. மறுநாளே சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றில் குளிசையைப் போட்டு, கறுப்புக் கயிற்றில் கோத்து, அவர் கழுத்தில் கட்டிவிட்டாள். தன் கெட்டித்தனத்தைத் தானே மெச்சியும் கொண்டாள்.

பிடிபட்டால் கடித்துச் சாவதற்கு, இயக்கப் பிள்ளைகள் சயனைட் குப்பியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு போருக்குப் போன காலம் அது. ஓய்வுபெற்ற கிளாக்கரை யார் அப்படி நினைக்கப் போகிறார்கள் என்று அவள் இருந்துவிட்டாள்.

கொட்டாஞ்சேனைக் கல்யாண வீடு ஒன்றுக்கு இருவரும் போய்த் திரும்பும்போது, காலி வீதி என்கிற பெருந்தெருவில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்துச் சோதனைக்கு இறக்கினார்கள். வெயிலில் வரிசை நகர்ந்தது. அடையாள அட்டையை நீட்டிய கையாலேயே நவரத்தினம் நெஞ்சைப் பிடித்தார். மற்றக் கை கழுத்துக்குப் போனது. குப்பியைத் திறந்து வாயருகே கொண்டுபோனவர் அப்படியே தார் வீதியில் விழுந்தார்.

"சயனைட்!" என்று கத்தினான் முன்னால் நின்ற சிப்பாய்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சனம் சிதறியது. விழுந்தவர் குறட்டைபோல இரண்டு இழுப்பு இழுத்தார், வாயோரம் நுரை தள்ளியது. பிறகு மூச்சே இல்லை.

ஓடிய சரோஜினியைச் சிப்பாய் துவக்கைக் குறுக்கே பிடித்துத் தடுத்தான்.

"லங் வெண்ட எப்பா!"

கிட்டப் போகாதே என்று சிங்களத்தில் கத்துகிறான், கட்டின மனுசியைப் பார்த்து!

"பெஹெத், புதா! ஹார்ட் பெஹெத்! மருந்தடா ராசா, மருந்து!"

நஞ்சு தின்றவன் உடம்பில் குண்டும் இருக்கும் என்பது அவன் பயம். அவன் அசையவில்லை.

குப்பியிலிருந்து சிதறிய குளிசை ஒன்று அவள் காலடியில் கிடந்தது. எடுத்துத் தன் வாயில் போட்டாள். நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

"பார்! நான் சாகிறனா? பார்!"

அவன் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் சாவாளா என்று அவன் பார்த்து நின்ற நேரமெல்லாம் அவர் மூச்சில்லாமல் கிடந்தார்.

பிறகு துவக்கை மற்றவனிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்து முழங்காலில் இருந்தான். எங்கோ பழகியிருந்தான் போலும்; உள்ளங்கைகளை நெஞ்சின் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அமுக்கினான். ஜீப்பில் ஏற்றிய பிறகும் கையை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்து இதயத்தை மறுபடி துடிக்க வைத்தார்கள்.

"நெஞ்சை அமத்தினபடியால்தான் உயிர் தப்பியிருக்கு, அம்மா," என்றார் டொக்டர். "ஆனா தொடங்கப் பிந்திப்போச்சு. மூளைக்கு இரத்தம் போகேல்லை. ஞாபகம் பழையபடி வராது."

மறித்தவனும் அவன், மீட்டவனும் அவன். சரோஜினிக்கு அவனைத் திட்டவும் வாய் வரவில்லை, வாழ்த்தவும் மனம் வரவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததே என்று தன்னைத்தான் திட்டி அழுதாள்.

வீட்டுக்கு வந்த நவரத்தினத்துக்குப் பிள்ளைகளின் பெயர் தெரியவில்லை. விழுந்த நாளும் தெரியவில்லை. கயிறு மட்டும் நினைவிருந்தது. காலையில் எழும்பியதும் கை கழுத்தைத் தடவும்.

"சரோ, என்ரை குளிசை எங்கை? கட்டிவிடன்."

அது அவள் சேலைத் தலைப்பில் முடிந்திருந்தது. அவர் வாசல்வரை போனாலும் அவளும் பின்னால் போவாள்.

"நாளைக்குக் கட்டிவிடுறன்," என்பாள்.

"மறந்துபோடாதை, என்ன?" என்பார் அவர்.