ஸ்டியரிங்கும் கம்ப்யூட்டரும்

அந்தக் கார் கம்பெனியில் அவளுக்குக் ‘கம்ப்யூட்டர்’ என்று பெயர். அவள் வீட்டுக்காரருக்கு ‘ஸ்டியரிங்’. யார் வைத்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை, ஆனால் வாட்ச்மேன் முதல் முதலாளி வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். கம்பெனி என்றதும் பெரிதாக எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். உயரமான ஒரு தகரக் கொட்டகை, அதன் பின்னால் வளைந்து வளைந்து போகும் ஒரு சோதனைப் பாதை, அவ்வளவுதான். ஆனால் அங்கே செய்கிற ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆட்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

ஸ்டியரிங்கின் வேலை வண்டியை ஓட்டிப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது. கம்ப்யூட்டரின் வேலை வண்டிக்கு மூளை வைப்பது. மழை ரோட்டில் வளைவில் திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் விலகப் பார்க்கும் அல்லவா, அந்த நொடியில் எந்தச் சக்கரத்துக்கு எத்தனை பிரேக் கொடுத்தால் வண்டி நேராகும் என்று தானே கணக்குப் போட்டுப் பிடிக்கிற ஒரு ஏற்பாட்டை அவள் மூன்று வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டு செய்திருந்தாள். புது மாடலில் வேண்டுமென்கிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்கிற ஆப்ஷனாக அது வர வேண்டும். அதைத் தவிர அவளுக்கு அப்போது வேறு ஆசை கிடையாது.

அதற்கு முட்டுக்கட்டை யார் என்கிறீர்கள்? அவளோடு ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே போர்வையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தூங்குகிற அதே ஸ்டியரிங்தான்.

"ஸ்போர்ட்ஸ் கார்ங்கிறது என் கைக்கும் ரோட்டுக்கும் நடுவுல நடக்கிற பேச்சு. அதுல மூணாவது ஆளுக்கு என்ன வேலை?" என்பார். "பசிச்சவனுக்கு இன்னொருத்தன் மென்னு ஊட்டற மாதிரி இருக்கு."

"ஊட்டலைங்க. தட்டு கவிழாம புடிச்சுக்குது, அவ்ளோதான்."

"என் தட்டு கவிழாது."

"உங்க தட்டு கவிழாது, சரி. வாங்கறவங்க எல்லாரும் நீங்களா?"

"அப்ப அவங்க ஒழுங்கா ஓட்டக் கத்துக்கட்டும்."

காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது, கரண்ட் போய் இருட்டில் உட்கார்ந்திருக்கும்போது என்று இந்தச் சண்டை நேரம் காலம் பார்க்காமல் நடந்தது. வெளியூரில் படிக்கிற மகளிடம் இரண்டு பேரும் மாற்றி மாற்றி நியாயம் கேட்டார்கள். "ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்துட்டு எனக்கு போன் பண்ணுங்க" என்று மகள் போனை வைத்துவிட்டாள்.

கடைசியில் முதலாளிக்கே பொறுமை போய்விட்டது. மழை வருகிற முதல் நாளில் ஒரு சோதனை. அந்த ஏற்பாடு இல்லாமல் ஒரு ஓட்டம், அதைப் போட்டுக்கொண்டு ஒரு ஓட்டம். "ஸ்டியரிங் ஓட்டிப் பாத்துச் சொல்லட்டும். அவன் வேணாம்னா வேணாம். அதோட இந்தப் பேச்சை விட்டுடணும்" என்றார். எதிராளியையே பிடித்து நீதிபதியாக உட்கார வைத்தால் அது என்ன நியாயம்? ஆனாலும் தலையாட்டினாள். வேறு யார் ஓட்டினாலும் முதலாளி நம்பப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

மழை வந்தது. கொட்டகை வாசலில் முதலாளி குடைக்குள் நின்றார். தலைமை மெக்கானிக்கும் மற்றவர்களும் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்து சுவரோரம் வரிசை கட்டினார்கள். அந்தப் பாதையில் எல்லாரும் பார்ப்பது மூன்றாவது வளைவைத்தான். அது சரிவில் இறங்கித் திரும்பும். நனைந்துவிட்டால் எண்ணெய் கொட்டிய சமையலறைத் தரைதான். அங்கே பாதி வளைவில் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் முன்னால் வந்துவிடும். அப்படி எடுத்துப் பார்ப்பதுதான் சோதனையே.

முதல் ஓட்டம், ஏற்பாடு இல்லாமல். அடேயப்பா, என்ன ஓட்டம் அது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்கினார், வளைவில் காலை எடுத்தார், வண்டி லேசாக இடுப்பை ஆட்டிவிட்டு அவர் திருப்பிய பக்கமே ஒழுங்காகப் போனது. சுவரோரம் நின்றவர்கள் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள். ஒன்றும் இல்லாமலே இந்த மனுஷன் இப்படி ஓட்டினால், நாம் மூன்று வருஷம் செய்ததெல்லாம் எதற்கு?

இரண்டாவது ஓட்டம், ஏற்பாட்டோடு. அதே வேகம், அதே வளைவு. காலை எடுத்ததும் வண்டி சட்டென்று திரும்பி, சுற்றி, புல்தரையில் இறங்கி, வந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவளுக்கு உயிரே போய்விட்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு, தன் வேலைதான் அவரைச் சுற்றிவிட்டது என்ற நினைப்பு வந்தது. அழுதுவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஸ்டியரிங் சேறும் சகதியுமாக வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கினார். அவர் கெட்டவர் இல்லை, அவள் முகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவரிடம் தயவு தாட்சண்யம் கிடையாது.

"முதல் தடவ சொர்க்கம் சார். நான் நெனைக்கிறதுக்கு முன்னாடி வண்டிக்குப் புரிஞ்சுது. நானும் ரோடும் மட்டும்தான், நடுவுல ஒண்ணுமே இல்ல. இத்தனை நாள்ல நான் இப்படி ஒரு வண்டி ஓட்டினதில்ல. அப்புறம் அதைப் போடறதுக்குப் பட்டனை அமுக்கினேன். அந்த மஞ்ச விளக்கு எரிஞ்சுது பாருங்க, அதோட சனியன் புடிச்சுது. என் கையில நிக்கவே இல்ல."

முதலாளி தலையை ஆட்டினார். "அப்ப எடுத்துடலாம். சாரிம்மா" என்று அவள் பக்கம் திரும்பினார்.

அவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. அவர் சொன்ன ஒரே ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, முதல் தடவ ஓட்டினப்ப விளக்கு எரிஞ்சுதா, அணைஞ்சிருந்துதா?"

"அணைஞ்சுதான் இருந்துது. ஆஃப்னா அணைஞ்சுதானே இருக்கும்?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க முயன்றாள், முடியவில்லை. வண்டியைக் கிளப்பியதுமே ஏற்பாடு தானாக ஆன் ஆகிவிடும், பட்டன் இருப்பது அதை ஆஃப் செய்வதற்கு. அந்த விளக்கு எச்சரிக்கை விளக்கு. ஏற்பாடு வேலை செய்யாமல் இருக்கும்போதுதான் எரியும், "ஜாக்கிரதை, இப்போது உன்னைப் பிடிக்க ஆளில்லை" என்று சொல்வதற்காக. இப்படி ஒரு ஏற்பாடு உள்ள வண்டிகளில் விளக்கு அப்படித்தான் எரியும். ஆனால் அந்த மாதிரி வண்டியில் ஏறவே மாட்டேன் என்று வீம்பு பிடித்துத் திரிந்த மனுஷனுக்கு அது எப்படித் தெரியும்? காலையில் பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று அவள் சொல்லத்தான் செய்தாள். உள்ளேயிருந்து "ம்" என்று பதில் வந்தது. அந்த "ம்"முக்கு ஒரு அர்த்தமும் இல்லை என்பது கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"விளக்கு எரிஞ்சா ஆஃப். அணைஞ்சிருந்தா ஆன்" என்றாள். "நீங்க சொர்க்கம்னு சொன்னீங்களே, அது நான் செஞ்சது. உங்களைச் சுத்தி விட்டுச்சே, அதுதான் ஒண்ணுமே இல்லாத வண்டி."

மெக்கானிக்குகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஸ்டியரிங்கின் காது மடல் சிவந்துவிட்டது.

"சும்மா கதை விடாத. தோத்ததுக்கு அப்புறம் விளக்கை மாத்திச் சொல்றியா?"

இது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. மற்ற எதையும் பொறுத்துக்கொள்வாள். இத்தனை பேர் முன்னால் பொய்க்காரி என்று பேர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக மாட்டாள். முதலாளி வேறு நெற்றியைத் தடவிக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் புரியல. புருஷன் பொண்டாட்டி வழக்குல நான் யாரை நம்பறது? இந்த மாடலுக்கு வேணாம், விட்டுருவோம்" என்றார்.

"விட வேணாம் சார். நான் ஓட்டறேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் ஓட்டும் லட்சணம் கம்பெனிக்கே தெரியும். சொந்தக் காரைக் கேட் தூணில் உரசியவள், மழை பெய்தால் பஸ்ஸில் வருகிறவள். மூன்று வருஷமாக அந்த ஏற்பாட்டைச் செய்தாளே தவிர, அந்தப் பாதையில் ஒரு தடவைகூட வண்டி ஓட்டியதில்லை.

"விளக்கை அணைச்சு வச்சுக்கிட்டு, அதே வளைவுல அதே மாதிரி கால எடுக்கறேன். நான் சொல்றது பொய்னா சுத்துவேன். எல்லாரும் பாருங்க."

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததும் பக்கத்துக் கதவு திறந்தது. ஸ்டியரிங் வந்து உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தார். "நீ தனியா போகக் கூடாது" என்றார். முகத்தில் கோபம் இருந்தது, அதைவிட அதிகமாகப் பயம் இருந்தது.

கிளம்பினாள். முதல் வளைவைத் தாண்டினாள். இரண்டாவதில் ஒரு பாழாய்ப்போன சந்தேகம் வந்தது. விளக்குக்கு ஒயர் கொடுத்தது நான்தானே, மாற்றிக் கொடுத்திருந்தால்? பொய்க்காரி என்ற பேர் மட்டுமா, இரண்டு பேரும் புல்தரையில் கிடப்போம். இல்லை, சரியாகத்தான் கொடுத்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு காலை அழுத்தினாள்.

"வேகம் ஜாஸ்தி" என்றார் அவர்.

"உங்க வேகம்தான்."

சரிவு வந்தது. வளைவு வந்தது. உடம்பு பூராவும் வேண்டாம் வேண்டாம் என்று கத்தியது. பாதி வளைவில் அவள் காலை எடுத்தாள்.

பின்பக்கம் வழுக்கியது. அதற்குள் காலுக்கடியில் எங்கோ மெல்லிசாகக் கடகடவென்று ஒரு சத்தம், வெளிப்பக்க முன்சக்கரத்தில் ஒரு துளி பிரேக், அவ்வளவுதான். வண்டி அவள் திருப்பிய பக்கமே போனது. இத்தனை நாள் திரையில் கோடுகளாக மட்டும் பார்த்ததை அவள் முதுகும் தொடையும் உள்ளங்கையும் இப்போதுதான் முதல் தடவையாகத் தெரிந்துகொண்டன. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

நேர் ரோட்டுக்கு வந்ததும் அவள் வேகத்தைக் குறைத்தாள்.

"நிறுத்தாத" என்றார். "இன்னொரு ரவுண்டு போ."

போனாள். இன்னொன்றும் போனாள். கொட்டகை வாசலில் முதலாளி குடையை ஆட்டிக் கூப்பிட்டார். "வண்டிய நிறுத்தச் சொல்லுங்கப்பா, நான் முடிவு சொல்லணும்" என்றார். "நிறுத்தற மாதிரி தெரியல சார்" என்றார் தலைமை மெக்கானிக்.

உள்ளே அவர் மெதுவாக ஆரம்பித்தார். "முதல் ஓட்டத்துல நான்தான் புடிச்சேன்னு நெனச்சேன்."

"நீங்களும்தான் புடிச்சீங்க. உங்க கை போற பக்கமே போகணும்னுதான் நான் செஞ்சேன். உங்க கையை மீறிப் போற மாதிரி செய்யணும்னா மூணு மாசத்துல முடிச்சிருப்பேன்."

"நீ பொய் சொல்றதா சொல்லிட்டேன்."

"ஆமா, சொன்னீங்க."

"எல்லார் முன்னாடியும்."

"ஆமா."

"எல்லார் முன்னாடியும் வாபஸ் வாங்கறேன், நிறுத்து."

நிறுத்தியதும் அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக முதலாளியிடம் போனார். மழையைப் பற்றிக் கவலைப்படாமல், சுவரோரம் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

"சார், இவ சொன்னதுதான் நிஜம். நான் பொய்னு சொன்னது தப்பு. இந்த ஆப்ஷன் வேணும். இத்தனை வருஷமா நான் வேணாம்னு சொன்னது, ஓட்டாமலே சொன்னது. இன்னைக்கு எனக்கே தெரியாம ஓட்டினேன், எனக்குப் புடிச்சிருந்துது. அப்படி ஓட்டறவனுக்கே தெரியாம கூட நின்னா, அது ஸ்போர்ட்ஸ் கார்ல தாராளமா இருக்கலாம்."

"பட்டன்?" என்றார் முதலாளி.

"பட்டனும் இருக்கணும் சார்" என்று அவள் முந்திக்கொண்டாள். "ஆஃப் பண்ணா முழுசா ஆஃப் ஆகணும். இவரை மாதிரி ஆளுங்க கேப்பாங்க. அவங்க கேக்கறதுலயும் நியாயம் இருக்கு."

முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குடையை மடக்கினார். "சரி, ஆப்ஷன்ல போட்டாச்சு. உங்களுக்கு வேற ஏதாவது சொல்லணுமாம்மா?"

வழக்கமாக அவள் ஒன்றுமில்லை சார் என்று மேஜைக்குத் திரும்பிவிடுவாள். இன்றைக்குத் திரும்பவில்லை.

"ஒண்ணு இருக்கு சார். இனிமே ஒவ்வொரு வண்டியையும் இவர் ஓட்டிப் பாத்தா, நானும் ஓட்டிப் பாப்பேன். இவரை மாதிரி ஓட்டறவங்க கொஞ்சம் பேர்தான். வாங்கறவங்கள்ல முக்காவாசிப் பேர் என்னை மாதிரிதான் ஓட்டுவாங்க. ரெண்டு பேரும் சரின்னு சொன்னாதான் வண்டி வெளிய போகணும்."

முதலாளி ஸ்டியரிங்கைப் பார்த்தார். "என்னைக் கேக்காதீங்க சார்" என்றார் ஸ்டியரிங். "இவளைத்தான் கேக்கணும், இவதான் சொல்லிட்டாளே."

"அப்ப சரி" என்றார் முதலாளி.

மழை வலுத்தது. மெக்கானிக்குகள் கொட்டகைக்குள் ஓடினார்கள். அவள் மறுபடியும் வண்டியில் ஏறிப் பெல்ட்டைப் போட்டு, கண்ணாடியைத் தன் உயரத்துக்குச் சரி செய்துகொண்டு, இந்தத் தடவை தனியாகவே மூன்றாவது வளைவுக்குப் போனாள்.