தொடாதே என்று எழுதியவர்

1

இந்தக் கதை அக்கா வீட்டுச் சமையலறையில் கிடைத்தது. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் அத்தான் ஃபோனில் யாரிடமோ பேசி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேலை போனபின் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அக்காவின் முகமோ கடுகடுவென்றிருந்தது. எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

முதல் வரியாக இப்படி எழுதினேன்: ‘பொருளாதார மந்தநிலையின் இரும்புக்கரம் அவரை…’

(வேண்டாம். இரும்புக்கரமெல்லாம் வரவில்லை. மேலாளர் தேநீருக்குக் கூப்பிட்டார். “ஒப்பந்தத்த இந்தத் தடவ நீட்டிக்க முடியல சார்” என்றார். அவ்வளவுதான்.)

2

அத்தான் மெயின்ஃப்ரேம் ஆள். அலமாரி அலமாரியாக நிற்குமே, வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும், அந்தப் பெரிய கணினிக்கு நிரல் எழுதுகிறவர். ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த இடம், அது முடிந்தால் இன்னொன்று என்றே தலை நரைத்துவிட்டது. அவர் எழுதும் கணினிமொழிக்குப் பெயர் கோபால்.*

* கல்யாணமான புதிதில், “கோபால் மக்கர் பண்றான், வர நேரமாகும்” என்று அவர் ஃபோன் செய்ய, யாரந்தக் கோபால் என்று அக்கா ஒரு வாரம் உம்மென்றிருந்தாளாம்.

வேலை தேடித்தரும் முகவர்கள் தினம் கூப்பிட்டார்கள். பிறகு வாரம் ஒருமுறை. கடைசியாக ஒருவர் கேட்டார்: “சார், பயோடேட்டாவுல உங்க அனுபவம் கொஞ்சம் அதிகமாத் தெரியுது. பாதிய எடுத்துடலாமா?”

“எந்தப் பாதிய?” என்றார் அத்தான்.

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே உட்கார்ந்து யோசித்தார். முன்பாதியை எடுத்தால் இளவயதில் வேலை பார்த்த அந்த இயந்திர அறை போய்விடும். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், உள்ளே குளிரில் பல் கிட்டும். அச்சு இயந்திரம் கடகடவென்று பச்சைக் கோடு போட்ட தாளைத் துப்பிக்கொண்டே இருக்கும். பிழை கண்டுபிடிக்க அந்தத் தாளைத் தரையில் பாய்போல் விரித்து, அதன்மேல் மண்டியிட்டுத் தேடுவார்கள் இவரும் ‘ஸ்வெட்டரு’ம். கோடையிலும் முழங்கை கிழிந்த ஸ்வெட்டரோடு திரிந்த தோழிக்கு அலுவலகம் வைத்த பெயர் அது. மிச்சத் தாள் வீட்டுக்கு வரும். அக்காவின் பிள்ளைகள் யானை வரைந்து பழகியது அதன் பின்பக்கத்தில்தான்.

இதில் எதை எடுப்பது? ஒன்றையும் எடுக்காமல் அனுப்பினார்.

3

அழைப்பு ஒரு காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்தது. அந்த இயந்திர அறை இருந்த அதே நிறுவனம். ஒரே ஒரு இடம். காத்திருப்பு அறையில், உட்கார்ந்தால் எழ முடியாத சோபாவில் புதைந்து உட்கார்ந்திருந்தாள் ஸ்வெட்டர்.

“நீயா!”

“நீயும் இதுக்குத்தானா?”

[இந்த இடத்தில் அவளை எழுந்து போகவைத்தேன். ‘உனக்குக் குடும்பம் இருக்கு’ என்று சொல்லி, கண்ணைத் துடைத்து… அழகாகத்தான் வந்தது. ஆனால் அவளுக்கும் குடும்பம் இருந்தது. அடித்துவிட்டேன்.]

அவள் சொன்னது இது: “விட்டுக்கொடுப்பேன்னு மட்டும் நெனைக்காதேப்பா. எனக்கு இது வேணும்.”

“நானும் விட்டுக்கொடுக்க வரலம்மா.”

இருவரும் சிரித்துவிட்டார்கள். அப்புறம் பழங்கதை. யார் எங்கே போனார்கள், எந்த நிரல் எந்த வருடக் கடைசியில் காலை வாரியது என்று பேசிப்பேசி, உள்ளே கூப்பிட்டபோது அத்தான் அந்தக் காலத்திலேயே இருந்தார். ‘இங்கே என்ன செய்ய விரும்புகிறீர்கள்?’ என்று கேட்டதற்கு, இங்கே என்னென்ன செய்தோம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

வேலை அவளுக்குக் கிடைத்தது. அவளே கூப்பிட்டுச் சொன்னாள். “நல்லதாப் போச்சும்மா” என்றார். ஃபோனை வைத்துவிட்டு, கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினார்.

‘பொறாமை அறியாத அந்த மனிதர்’ என்று எழுதிவிட்டு, எனக்கே நம்பிக்கை வராமல் கேட்டேன்: “அத்தான், வயிறு எரியலையா?”

“எரியாம இருக்குமா? நல்லாவே எரிஞ்சுது.”

4

நான் சமையலறையில் கேட்ட சிரிப்பு அதற்கப்புறம் வந்தது. அவருடைய பழைய நிரலொன்று இன்னும் அங்கே ஓடிக்கொண்டிருந்ததாம். ஸ்வெட்டர் ஃபோனில் கேட்டாளாம்: “நடுவுல ‘இதைத் தொடாதே’ன்னு எழுதி வச்சிருக்கியே, ஏன் தொடக்கூடாதுன்னு எழுதலையேப்பா?”

அத்தானுக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. இருவருமாக வரி வரியாகப் படித்து, கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தபோது வந்ததுதான் அந்தச் சிரிப்பு. அன்று அவர் இரண்டு கை சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

அதன்பின் தினமும் அழைப்பு.

“சம்பளம் அவங்களுக்கு, மூளை நம்ம வீட்டுதா?” என்றாள் அக்கா.

“அது நான் எழுதினதுடி.”

“எழுதினீங்க. இப்ப அது உங்களுதா?”

அடுத்தமுறை ஸ்வெட்டர் கூப்பிட்டபோது, அக்கா பக்கம் பார்க்காமல் சொன்னார்: “இப்படிச் சும்மாவே சொல்லிட்டிருக்க முடியாதும்மா. என்னையும் சேத்துக்கச் சொல்லு. இல்லேன்னா கூப்பிடாதே.”

ஸ்வெட்டர் சொன்னாள்: “கேட்டா என்னையும் அனுப்பிடுவாங்களோன்னு பயமா இருக்குப்பா.”

“தெரியும்.”

“சரி. கேக்கறேன்.”

பிறகு ஃபோன் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டாமோ என்று அத்தான் அக்காவிடம் கேட்கவில்லை.

5

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்.

(அ) இருவருக்கும் வேலை. அக்காவுக்குப் பிடித்தது.

(ஆ) கேட்டதற்காக ஸ்வெட்டரின் வேலையும் போகிறது. அத்தான் இதைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். “இத எழுதாதே. கதைக்குன்னுகூட எழுதாதே.” அழித்துவிட்டேன். எனவே இது இங்கே இல்லை.

(இ) என்று எழுதி ஒரு

ஃபோன் அடிக்கிறது. அத்தான் குளித்துக்கொண்டிருக்கிறார். அக்காதான் கையிலெடுத்துப் பெயரைப் பார்க்கிறாள். எடுத்துப் பேசவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. பிறகு குளியலறைக் கதவைத் தட்டுகிறாள். “ஏங்க, உங்க ஸ்வெட்டர்! அடிச்சு நின்னுடப்போகுது, சீக்கிரம் வாங்க!”

தண்ணீர்ச் சத்தம் நிற்கிறது. தாழ்ப்பாள் திறக்கிறது.

சேதி எதுவானாலும் முதலில் அவர் காதுக்குப் போகட்டும். நான் வெளியே போய் நிற்கிறேன். நீங்களும் வந்துவிடுங்கள்.