சரிவோடு வந்த வண்டி

முப்பத்தோரு மணி நேரம் மலைப்பாதையில் அடிபட்டு, ஒருவழியாக இறங்கி வந்த அந்தப் பழைய பிக்கப், மலையின் சரிவையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. பட்டறையில் நிறுத்திய பிறகுதான் அது தெரிந்தது. தரை சமம்தான், ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது குமிழி நடுவில் நின்றது. ஆனால் வண்டியைச் சுற்றிப் பத்தடிக்குள் கீழே வைத்த எதுவும் வாசலைப் பார்த்து உருண்டது. நட்டு உருண்டது, ஸ்பானர் வழுக்கிப் போனது, கிளாஸில் டீ ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. மெக்கானிக் கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, நான்கு சக்கரத்துக்கும் கல் முட்டுக்கொடுத்தார். "முதல்ல ஷாக் அப்சர்பரைப் பார்ப்போம்" என்றார்.

வண்டிக்காரரை அந்தத் தெருவில் எல்லோரும் மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள். கல்யாணமானதும் மாமியார் வீட்டோடு வந்துவிட்டவர் என்பதால் அந்தப் பெயர். பெண்ணே பெறாதவர்களுக்கும் அவர் மாப்பிள்ளைதான். மேலே இருக்கும் குடியிருப்புகளுக்கு சிலிண்டரும் மருந்தும் ஏற்றிப் போவது தொழில். அந்த முறை, தங்கை வீட்டுக்குப் போயிருந்த மாமியாரையும் ஏற்றிக்கொண்டு திரும்பினார். பாதி வழியில் மழைக்கு மண் சரிந்தது. ஒரு பாறை வந்து டிரைவர் பக்கக் கதவை நசுக்கியதில் அவருடைய வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. உடைந்த கையோடு வண்டியைப் பத்திரமாக இறக்கிய மனுஷன் என்று ஊரே மெச்சியது. பார்க்க வந்தவர்கள் அவருடைய இடது கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஆள் வந்து மெச்சிவிட்டுப் போன நாட்களில் பட்டறையில் சரிவு கொஞ்சம் கூடியது. மெக்கானிக் அதை மழைக்கால ஈரம் என்று எடுத்துக்கொண்டார்.

மனைவி ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிப்பவள். ஒரு முடிவை எழுதினால் எழுதியதுதான். "அது உங்க உசிரை வாங்கப் பார்த்த வண்டி. கை கூடுறதுக்குள்ள தரையில ஒழுங்கா நின்னா வச்சுக்கலாம். இல்லன்னா பழைய இரும்புக்குப் போகட்டும்" என்றாள். மாப்பிள்ளைக்கு அது பிழைப்பு மட்டும் இல்லை. தினமும் சாயங்காலம் பட்டறைக்கு வந்து, நசுங்கிய பானெட்டை இடது கையால் தடவிக்கொண்டு நிற்பார். நல்லது செய்த ஒருவருக்கு நன்றி சொல்லத் தெரியாமல் வாசலிலேயே நிற்கிறவரைப் போல இருப்பார்.

வேலை மூன்று மாதம் ஓடியது. வெடித்திருந்த சேஸிஸைப் பற்றவைத்தார்கள். ஒடிந்த ஸ்பிரிங் பட்டைகளை எடுத்துவிட்டு, ஒரு பட்டை கூடுதலாகப் போட்டுக் கட்டினார்கள். வளைந்த ஸ்டியரிங் ராடை மாற்றினார்கள். கல் அடித்துக் கிழியாதபடி எஞ்சினுக்கு அடியில் தடித்த இரும்புத் தகடு வந்தது. சேற்றில் சிக்கினால் இழுத்துக்கொள்ள முன்னால் ஒரு வின்ச் வந்தது. ஒவ்வொரு வேலை முடியும்போதும் சரிவு ஒரு விரல் அளவு இறங்கியது. மாமியாரும் ஒரு முக்காலியோடு தினமும் வந்துவிடுவார். கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து மகள் அவரை மாடிப்படி ஏறவே விடுவதில்லை. பட்டறைக்குப் படி கிடையாது என்பதால் இதற்கு மட்டும் அனுமதி. அந்தச் சரிவில் மற்றவர்கள் தூணைப் பிடித்து நிற்க, அவர் மட்டும் நேராக உட்கார்ந்து யோசனை சொல்வார்.

"லைட்டு இன்னும் ரெண்டு போடுப்பா. வளைவு திரும்பினா ஒண்ணுமே தெரியல. அந்த கிளட்சும் கல்லு மாதிரி இருக்கு, இளக்கி விடு."

"ஏம்மா, பக்கத்து சீட்டுல உக்காந்து வந்த உங்களுக்கு கிளட்சு எப்படித் தெரியும்?"

"பக்கத்துல உக்காந்தவளுக்குக் கண்ணு இல்லையா? பேசாம வேலையைப் பாரு."

சரிவால் நன்மையும் இருந்தது. பேட்டரி செத்த வண்டிகளைத் தள்ள ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. பிக்கப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டால் தானே உருண்டு வாசலில் ஸ்டார்ட் ஆகும். பழைய ஆயில் கடைசிச் சொட்டு வரை வடிந்தது. நாலு தெரு தாண்டியும் ஆட்கள் தேடி வந்தார்கள். கடைசியில் மிஞ்சிய சரிவு வண்டியை விட்டுவிட்டு அந்தத் தரையிலேயே தங்கிவிட்டது. இன்றும் அங்கே டீ சாய்ந்துதான் நிற்கிறது. குடிக்கிறவர்கள் கிளாஸை அதற்கேற்பச் சாய்த்துப் பிடிக்கிறார்கள்.

ஆனால் கைக்கட்டைப் பிரித்த அன்று, அது அப்படி முடியும் என்று யாருக்கும் தெரியாது. கை கூடியிருந்தது, சரிவு பாதிக்குமேல் இறங்க மறுத்தது. சொன்ன சொல் தவறாமல் மனைவி இரும்புக்காரரோடு வந்தாள். வந்த லாரியும் உருளப் பார்த்ததால் அதற்கும் கல் வைக்க வேண்டியிருந்தது.

"புது வண்டி மாதிரி ஆக்கிட்டேன் தங்கச்சி, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க" என்றார் மெக்கானிக்.

"யோசிச்சாச்சுண்ணே" என்றாள் அவள். பிறகு கணவரிடம் திரும்பினாள். அவள் கண் கலங்கியிருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார். "ஒரு கை போயும் ஓட்டிட்டு வந்துட்டீங்க, சரி. அடுத்த தடவை ரெண்டு கையும் போச்சுன்னா யாருங்க ஓட்டுவா? சொல்லுங்க, யாரு ஓட்டுவா?"

முக்காலியில் இருந்த மாமியார், வேண்டாம் என்று தலையை மெல்ல ஆட்டினார். மாப்பிள்ளை அவரைப் பார்த்தார். மூன்று மாதமாக மறைத்து வைத்திருந்தது தானாக வெளியே வந்தது.

"போன தடவை ஓட்டினவங்கதான் ஓட்டுவாங்க."

"யாரு?"

"உங்கம்மா. பாறை அடிச்சதுமே நான் மயங்கிட்டேன். என்னைப் பக்கத்து சீட்டுல இழுத்துப் போட்டுட்டு, ராத்திரி பூரா வண்டியை ஓட்டி என்னை உசிரோட கொண்டுவந்து சேர்த்தது அத்தைதான்."