தனியாக நின்ற பெட்டி

எங்கள் மேனேஜருக்கு முடிவெடுப்பதென்றாலே வேப்பங்காய். "டாக்குமென்டேஷனுக்கு எந்த டயகிராம் டூல் வாங்கலாம்னு நீயே மூணைப் பார்த்துச் சொல்லிடும்மா" என்று என் தலையில் கட்டிவிட்டார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்: "டயகிராம் வந்ததும் எது தேவை, எது தேவையில்லன்னு பார்க்கணும். அடுத்த மாசம் ஆளைக் குறைக்கச் சொல்லியிருக்காங்க."

மென்பொருளின் ஒவ்வொரு பகுதியும் ஒரு பெட்டி. ஒன்று இன்னொன்றைக் கூப்பிட்டால் நடுவே ஓர் அம்புக்குறி. அவ்வளவுதான் படம். முதல் டூலில் நாமே மவுஸால் இழுத்து வரைய வேண்டும். இரண்டாவதில் வார்த்தையில் எழுதிக் கொடுத்தால் அது வரையும். மூன்றாவது நம்மை ஒன்றுமே கேட்காது. மென்பொருளின் கோட் முழுவதையும் தானே படித்து வரைந்துவிடும். எனக்குப் பிடித்தது அதுதான். ஆட்கள் சொல்வதை நம்பி நான் வரைந்த பழைய படங்களின் லட்சணம் எனக்குத் தெரியாதா என்ன.

நாலே நிமிடத்தில் நாற்பத்தொரு பெட்டிகளைப் போட்டது. நாற்பது பெட்டிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. கீழ் மூலையில் ஒன்று மட்டும் ஒரு கோடுகூட இல்லாமல் நின்றது. அறிக்கைகள் தயாரிக்கும் பகுதி அது. என் அண்ணன் ஒன்பது வருடமாகக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துவருவது. எனக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான்.

டூல்தான் தப்பு செய்திருக்கும் என்று கோட் முழுக்கத் தேடினேன். தப்பில்லை. இரண்டு வருடம் முன்பு வேறொரு குழு புதிதாக ஒன்றை எழுதிக்கொண்டு, இதைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டிருந்தது. அவனிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை போலிருக்கிறது. இந்தப் படம் மேனேஜர் கண்ணில் பட்டால் முதலில் போவது அவன் வேலைதான்.

மூன்றாவது டூல் நிறையத் தப்பு செய்கிறது, கையால் வரைவதே நம்பகமானது என்று கூசாமல் எழுதி அனுப்பினேன். இல்லை, கூசியது, ஆனாலும் அனுப்பினேன். மேனேஜர் படித்துக்கூடப் பார்க்காமல் சரி என்றார்.

மறுநாள் மத்தியானம் முதல் டூலில் படம் வரைந்து, அண்ணனின் பெட்டிக்கு ஓர் அம்புக்குறியை இழுத்துக்கொண்டிருந்தேன். அவன் தண்ணீர் டம்ளரோடு பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"அந்த அம்பு வேணாம், எடுத்துடு."

"ஏண்ணா? இந்த டீம்காரங்க உன்னோடதைத்தானே கூப்பிடுறாங்க?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இல்ல. நிறுத்தி ரெண்டு வருஷமாச்சு."

"உனக்குத் தெரியுமா?"

"ஒருநாள் தெரியாம எதையோ மாத்திட்டேன். என் பகுதி மொத்தமும் நின்னுபோச்சு. யாராவது கத்திக்கிட்டு வருவாங்கன்னு சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தரும் வரலை." டம்ளரை என் மேஜையில் வைத்தான். "அன்னைக்கே சரிபண்ணிட்டேன். அப்புறமும் தினம் வந்து ஏதாவது எழுதிட்டுத்தான் இருக்கேன்."

எனக்கு அழுகை முட்டியது. இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறானே என்று கோபமும் வந்தது.

"இது உன் பேர்ல போற டயகிராம். யாராவது கண்டுபிடிச்சா உன் வேலையும் சேர்ந்து போயிடும். வீட்டுல நாம ரெண்டு பேரும் சும்மா உட்கார முடியாது" என்றான். "என் வேலை போறதை அண்ணிகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

அம்புக்குறியை அழித்தேன். அவன் குனிந்து திரையைப் பார்த்தான்.

"இப்போ சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு, தன் இடத்துக்குப் போய் வழக்கம்போல எழுத ஆரம்பித்தான்.